திடலில் தானாக வளர்வதில்லை நற்பண்பு

வணக்கம் நேயர்களே. பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்துத் திடலில் இறக்கிவிட்டால் ஒற்றுமையும் நேர்மையும் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். அப்படி வருவதில்லை. ஏமாற்றவும் எளியவரை ஒதுக்கவும் அதே திடலில் பழகலாம். ஆசிரியர் ஆட்டத்தை எப்படி அமைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் தொடக்கப்பள்ளிகளில் ஆடும் கேப்டன்ஸ் பாலையே எடுத்துக்கொள்வோம். நாற்காலிமேல் நிற்கும் கேப்டன், தன் அணியினர் போடும் பந்தைப் பிடித்தால் புள்ளி. பந்தோடு ஓடக்கூடாது, இன்னொருவருக்குப் போட்டே ஆகவேண்டும். ஒத்துழைப்புக்கென்றே பிறந்த ஆட்டம் போலத் தெரியும். ஆனால் கெட்டிக்காரர் இரண்டு மூன்று பேர் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். சரி, எல்லாரும் பந்தைத் தொடவேண்டும் என்று விதி போட்டால்? தயங்கி நிற்கும் பிள்ளையிடம் கடமைக்கு ஒரு பாஸ், அடுத்த நொடியே 'குடு, குடு' என்று திரும்ப வாங்கிக்கொள்வார்கள். விதி நிறைவேறிவிடும், அந்தப் பிள்ளை அவமானப்பட்டதுதான் மிச்சம். அணியைச் சிறிதாக்கிப் பாருங்கள். நாலுக்கு நாலு ஆடினால் ஒருவரை ஒதுக்கும் அணி தோற்கும். கேப்டனையும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அணியைப் பிள்ளைகளே பெயர் சொல்லிப் பொறுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கடைசியாக நிற்பவருக்கு அது வகுப்பின் முன் கிடைக்கும் தண்டனை. இனமும் திறனும் கலந்த அணியை ஆசிரியரே முன்கூட்டி எழுதி, சில வாரங்கள் மாற்றாமல் வைக்கலாம். வெவ்வேறு பிரிவினர் சந்தித்தால் மட்டும் தப்பெண்ணம் குறையாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். சம மதிப்பு, பொது இலக்கு, ஒத்துழைப்பு, பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார்.

நேர்மைக்கு ஃபிரிஸ்பீ தட்டை வைத்து ஆடும் அல்டிமேட் நல்ல பயிற்சி. ஃபவுலை ஆட்டக்காரர்களே சொல்லவேண்டும். எதிரணி ஒப்புக்கொள்ளாவிட்டால் பேசித் தீர்க்கவேண்டும். தீராவிட்டால் தட்டு வீசியவரிடமே திரும்பும். முதல் சில பாடங்களில் சண்டை வரும். உடனே விசிலை எடுத்துவிடாதீர்கள். பேசக் கற்பது அந்தச் சண்டையில்தான்.

கடைசி ஐந்து நிமிடத்தைக் கலந்துபேச ஒதுக்குங்கள். 'என்ன கற்றீர்கள்?' என்றால் 'டீம்வொர்க், சார்' என்று ஒப்பிப்பார்கள். 'இன்று உனக்குப் பந்தே வராமல் இருந்தது எப்போது? அப்போது யார் கவனித்தார்?' என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும், காத்திருங்கள்.