மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் டோலக்கைக் காணோம்!

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் ஒரு காலத்தில் கூழ் ஊற்றும் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குமிழ்) ஆம்ப்ளிஃபயர்கள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இப்போது அவற்றை இறக்கித் தூசு தட்டி, பெட்டி ஸ்பீக்கரில் பழைய பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறார்கள். போட்டால் குரல் கணீரென்று வருகிறது, டோலக்கைத்தான் காணோம். உடனே யாராவது, "ஃபாரின் வால்வு போடுப்பா, பிச்சுக்கும்" என்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

குழாய் ஸ்பீக்கரின் யூனிட்டுக்குள் மெல்லிய டயஃப்ரம் ஒன்று உண்டு. பேஸ், அதாவது டோலக் போன்ற கனத்த அடிச் சத்தம், பலமாகப் போனால் அது கிழிந்துவிடும். அதனால் இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் செய்தவர்களே பேஸை வெட்டியிருப்பார்கள். எங்கே? ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து (சத்தம் வெளியே வரும் முனை) அடுத்த வால்வின் கிரிடுக்கு (சத்தம் உள்ளே போகும் முனை) போகும் கப்ளிங் கண்டென்சரில். அது 0.002 மைக்ரோஃபாரட், கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்றால், சுமார் 170 ஹெர்ட்ஸிலேயே சத்தம் இறங்க ஆரம்பிக்கும். அதே இடத்தில் 0.01 போட்டால் 34 ஹெர்ட்ஸ் வரை தாக்குப் பிடிக்கும். 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ரிச்சி தெருவில் கிடைக்கும். காசைக் கொட்டி ஆயில் கண்டென்சர் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் ஆசை.

சரி, 0.1 போட்டால் இன்னும் பேஸ் வருமே? வேண்டாம். இந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளில் வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் சின்னது. அவ்வளவு பேஸை அதன் இரும்பு தாங்காது, சத்தம் பிசிறும். சில பெட்டிகள் காசிமேட்டில் விசைப்படகு கிளம்புவதுபோல 'டப் டப்' என்று தானாகவே அடிக்க ஆரம்பிக்கும். இந்த டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் கை வைக்காதீர்கள். பெட்டியின் குரலில் பாதி அதில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவும் கூடாது. பேஸைத் திறந்துவிட்ட பெட்டியில் மறுபடியும் குழாயை மாட்டினால் யூனிட் போச்சு.

வால்வு மாற்றுவதில் பலனே இல்லை என்று சொல்லவில்லை. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கியபோது, அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, முதல் வால்வாக 12ஏஒய்7-க்குப் பதில் ஈசிசி83 போட்டார்கள். முன்னதன் பெருக்க எண் (சத்தத்தைப் பெருக்கும் திறன்) 44, பின்னதற்கு 100. கிட்டாரில் அந்த முரட்டுச் சத்தம் வர அதுவும் ஒரு காரணம். வீட்டில் பாட்டுக் கேட்க நமக்கு அதற்கு நேர் எதிராக வேண்டும். ஈசிசி83 இருக்கும் இடத்தில் ஈசிசி81 போட்டுப் பாருங்கள். அதற்குப் பெருக்க எண் 60. பின் அமைப்பு ஒன்றுதான், உஸ் என்ற இரைச்சலும் குறையும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய வால்வு கையில் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

எதை மாற்றுவதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. ராயபுரம், திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றுக்கு வால்வு சாக்கெட் கறுத்துப்போகும். மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டென்சருக்குள் ஈரம் ஏறினால் அது முந்தின வால்வின் டிசி வோல்ட்டைக் கசியவிடும். அவுட்புட் வால்வின் கிரிடில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேலே பாசிட்டிவ் வோல்ட் ஏறினால் கண்டென்சர் கசிகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வுக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடு (அதுதான் பிளேட்) சிவந்துவிடும்.

உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நேராகக் கரண்டில் சொருகாமல், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, கொஞ்ச நேரம் தகட்டையே பாருங்கள். சிவக்கவில்லையா? பாட்டைப் போடுங்கள். வணக்கம்.