டிரம்ல போட்ட காப்பிப் பழத்துல காடி வாடை ஏன் வருது? வத்தல்மலை நேயருக்கு விளக்கம்

வணக்கம்ங்க. தர்மபுரி வத்தல்மலையில காப்பி வச்சிருக்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருக்காரு: "ஒரு காப்பி பாக்கெட்ல 'செலக்‌ஷன் 9, அனரோபிக் நேச்சுரல், 72 மணி நேரம்'னு போட்டிருந்தது. நானும் பழத்த டிரம்ல அடைச்சு 72 மணி நேரம் வச்சேன். வறுத்துப் பாத்தா வினிகர் மாதிரி காடி வாடை அடிக்குது. எங்க ரகம் சரியில்லையா, முறை தப்பா?"

அனரோபிக் நேச்சுரல்னா, முழுப் பழத்தையும் காத்துப் படாம மூடிப் புளிக்க வச்சு, தோலோடவே காயவைக்கிற முறை. ரகத்து மேல பழி போடாதீங்க. செலக்‌ஷன் 9-ங்கிற காப்பி ரகம், எத்தியோப்பியா டஃபாரிகேலாவையும் டிமோர் ஹைப்ரிடையும் கலப்பினம் பண்ணி வந்தது. எஸ்.795-னு இன்னொரு ரகம், அது எஸ்.288, கெண்டுங்கிற ரெண்டு ரகமும் சேந்தது. செடி குட்டையா, இலை கரும்பச்சையா தடிப்பா இருந்தா அது 2007-ல வெளியிட்ட சந்திரகிரி ரகமா இருக்கலாம். மூணுலயும் இந்த முறை செய்யலாம். ஒரே டிரம்ல கலக்காம இருந்தா போதும், ஏன்னா மூணும் ஒண்ணா பழுக்காது.

உங்களுக்குக் காடி அடிச்சதுக்குக் காரணம் அந்த 72-தான். மணிக்கணக்கு ஒரு செய்முறையே இல்லைங்க. தோசை மாவு குளிர்காலத்துல புளிக்கிற நேரமும் சித்திரையில புளிக்கிற நேரமும் ஒண்ணா? அதே கதைதான் இங்கயும். டிசம்பர்ல மலை மேல நிழல்ல இருக்கிற டிரம்முக்கு 72 மணி நேரம் பத்தாமயும் போகலாம். அதையே கீழ தர்மபுரிக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டாயில வச்சா ரெண்டாம் நாளே எல்லை தாண்டிடும். பாக்கெட்ல போட்டிருக்கிற நேரம், அவங்க தோட்டத்துல அன்னைக்கு இருந்த சூட்டுக்கு உண்டானது.

நீங்க பாக்க வேண்டியது சூடும் பிஹெச்சும். பிஹெச்ங்கிறது புளிப்ப அளக்குற எண், அது குறையக் குறைய புளிப்பு கூடும். டிரம் உள்ள 18-லருந்து 22 டிகிரி இருக்கட்டும், 25-ஐத் தாண்ட விடாதீங்க. புளிக்கும்போது பழம் தானாவே சூடாகும், அதனால நடுவுல தெர்மாமீட்டர் விட்டுப் பாக்கணும். அடியில ஒரு குழாய் வச்சுட்டா மூடியத் திறக்காமலே சாறு எடுத்து பிஹெச் பாக்கலாம். ஆரம்பத்துல 5, 5.5 காட்டும். 4.2-க்கு வந்ததும் காயவைக்க ஏற்பாடு பண்ணுங்க, 4-ல கண்டிப்பா வெளிய எடுத்துடுங்க. 3.8-க்குக் கீழ போன லாட் (ஒரு தடவை போட்ட சரக்கு) பெரும்பாலும் குடிச்சுப் பாக்கும்போது ருசியில தேறாது. பிஹெச் மீட்டர, பிஹெச் 4, 7-னு அளவு தெரிஞ்ச ரெண்டு பஃபர் கரைசல்லயும் சரி பாத்துட்டு இறங்குங்க.

இன்னொரு காரணம் காத்து. ஈஸ்டும் லேக்டிக் பாக்டீரியாவும் காத்தில்லாம வேலை செய்யும், பழ வாசமும் இதமான புளிப்பும் அதுங்க தர்றது. காடிய உண்டாக்குற பாக்டீரியாவுக்குக் காத்து வேணும். 'எப்படி இருக்கு'ன்னு ஒவ்வொரு தடவையும் மூடியத் திறக்கும்போது அதுக்கு நீங்களே சாப்பாடு போடுறீங்க. உணவுப் பொருள் வைக்கிற 100 லிட்டர் டிரம் எடுத்துக்கங்க. மருந்து, கெமிக்கல் வந்த டிரம் வேண்டவே வேண்டாம். முக்கால் அளவுக்கு, ஒரு 45 கிலோ பழம், தண்ணி சேக்காம போடுங்க. மூடி கேஸ்கெட்டோட (ரப்பர் வளையம்) இறுக்கமா இருக்கணும். மூடியில ஒரு டியூப் விட்டு, மறுமுனைய தண்ணி பாட்டில்ல முக்கி வைங்க. கார்பன் டை ஆக்சைடு குமிழியா வெளிய போகும், காத்து உள்ள வராது. வழி விடாம அடைச்சா மூடி உப்பித் தெறிச்சுடும்.

2015-ல காப்பி தயாரிக்கிறவங்களுக்கான உலக பாரிஸ்டா போட்டியில ஆஸ்திரேலியாவோட சாஷா செஸ்டிச் ஜெயிச்சது, கொலம்பியாவுல விளைஞ்ச சூடான் ரூமேங்கிற ரகக் காப்பிய வச்சு. அது கார்பானிக் மாசரேஷன், அதாவது மூடின கலத்துல கார்பன் டை ஆக்சைடு நிரப்பிப் புளிக்க வைக்கிற முறையில செஞ்சது. அதுக்கப்புறம்தான் இந்த முறைகள் மேல எல்லாருக்கும் ஆசை வந்துச்சு. ஆனா டிரம் கெட்ட பழத்த நல்லதாக்காது. ஒரே மாதிரி கருஞ்சிவப்பா பழுத்தத மட்டும் பறிச்சு, அன்னைக்கே தண்ணியில போட்டு மிதக்கிறத ஒதுக்குங்க. இனிப்ப அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) 20 பக்கம் இருந்தா அருமை. மழை பேஞ்ச மறுநாள் பறிச்சா அது குறையும், ரெண்டு நாள் பொறுங்க.

பாதிப் பேரு கோட்ட விடுறது காயவைக்கிறதுலதான். டிரம்லருந்து வர்ற பழம் பிசுபிசுன்னு இருக்கும். வலைக் கட்டில்ல ஒரே அடுக்கா, 3 சென்டிமீட்டருக்கு மேல இல்லாம பரப்புங்க. முதல் மூணு நாள் மணிக்கு ஒரு தடவை கிளறணும். ஒரு ராத்திரி குவிச்சு வச்சாலும் உள்ள புளிப்பு தொடரும், பூஞ்சையும் பிடிக்கும். உங்களுக்கு அறுவடை நேரம் வடகிழக்கு மழையும் பனியும் சேந்து வரும், அதனால மேல பாலித்தீன் கூரை போட்டு பக்கவாட்டுல காத்துக்கு வழி விடுங்க. மத்தியானம் நிழல் வலை போட்டுடுங்க. வேகமா காஞ்சா தோல் முறுகிடும், உள்ள கொட்டையில ஈரம் நிக்கும். 20-லருந்து 30 நாள் ஆகட்டும். நாலு பழத்த உடைச்சு கொட்டைய ஈரப்பத மீட்டர்ல வச்சா 11 சதவீதம் காட்டணும். அப்புறம் தோலோடவே காத்துப் புகாத பையில ஒரு மாசம் வச்சுட்டு உடைங்க. 45 கிலோ பழத்துக்கு ஏழரை, எட்டு கிலோ கொட்டை கிடைக்கும்.

அடுத்த தடவை அதே நாள் பறிச்ச பழத்துல 10 கிலோவ டிரம்ல போடாம நேரடியா காயவைங்க. ரெண்டையும் ஒண்ணா கப்பிங் பண்ணாத்தான் (ருசி பாத்து ஒப்பிட்டாத்தான்) டிரம் என்ன குடுத்துச்சுன்னு தெரியும். காடி வாடை வந்த லாட்ட மத்த காப்பியோட மட்டும் கலந்துடாதீங்க, நல்லதோட விலையும் சேந்து போயிடும்.