நிலா மண்ணை இறுக்கும் வேலை

வணக்கம் நண்பர்களே. மேசை மேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள். இரண்டிலும் ஒரே கிரஷர் தூள்தான். இடப்பக்கம் சும்மா கொட்டியது. வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தட்டித் தட்டி இறுக்கியது. இப்போது இந்தக் கம்பியை இறக்குகிறேன், பாருங்கள். இடப்பக்கம் அடிவரை போய்விட்டது. வலப்பக்கம் இரண்டு விரல்கடையிலேயே நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினால் குவளைதான் உடையும். முகக்கவசம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நிலவுக்குப் போகும் கருவிகளைப் பூமியிலேயே சோதிக்க, பாறையை அரைத்துச் செய்யும் தூள்தான் செயற்கை நிலா மண். அதைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் பாறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சந்திரயான்-2 சோதனைகளுக்காக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்தோசைட் என்ற, நிலவிலும் உள்ள வகைப் பாறையை அரைத்து இஸ்ரோ பயன்படுத்தியது நமக்குப் பெருமைதான். ஆனால் துளைக்கும் கருவிக்குப் பாறையின் சாதி முக்கியமில்லை. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதே கேள்வி.

நிலவில் மேல் 15 செ.மீ. மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 1.5 கிராம். 30 செ.மீ.க்குக் கீழே சுமார் 1.74. அற்ப வித்தியாசம் என்று தோன்றுகிறதா? 1971இல் அப்போலோ 15இன் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் 3 மீட்டர் துளை போட வேண்டியிருந்தது. சுமார் 1.6 மீட்டரோடு நின்றுவிட்டது. துருவிய தூள் மேலே வர வழியில்லாமல் துளைக்கும் தண்டில் அடைத்துக்கொண்டது. அடுத்த பயணத்துக்குத் தண்டின் வடிவத்தையே மாற்றினார்கள்.

அதனால்தான் செயற்கை நிலா மண்ணால் சோதனைத் தொட்டியை நிரப்புவது இவ்வளவு மெனக்கெட்ட வேலை. தூளை முதலில் சூடேற்றி உலர்த்த வேண்டும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, அதிர்வு கொடுத்து இறுக்கி, எடையையும் உயரத்தையும் அளந்து, அடர்த்தி சரியாக வந்தால்தான் அடுத்த அடுக்கு. நிலவின் துருவப் பகுதியில் உள்ளதுபோல் பனி கலந்த மண் வேண்டுமென்றால் அளந்த நீரைக் கலந்து இறுக்கி, திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு. நீர் கொஞ்சம் கூடினாலும் மண் கல்லாகிவிடும்.

வயிற்றெரிச்சல் இனிதான். நிலவில் காற்று இல்லையே, அதனால் பாடுபட்டு இறுக்கிய தொட்டியை வெற்றிட அறைக்குள் வைத்து, பம்பை அவசரமாக ஓட்டினால், துகள்களுக்கிடையே சிக்கிய காற்று பீறிட்டு மண்ணைக் கிளறிவிடும். மறுபடியும் முதல் அடுக்கிலிருந்து! ஆகவே காற்றை நிதானமாகத்தான் உறிஞ்ச வேண்டும்.

நாசாவின் டிரைடென்ட் துளைக்கருவி இப்படியெல்லாம் தேறிய பிறகுதான் 2025 மார்ச்சில் நிலவுக்குப் போனது. அதைச் சுமந்த அதீனா கலமோ தரையிறங்கியபோது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கருவி நீண்டு அசைந்து காட்டியது. மண்ணைத் தொடத்தான் முடியவில்லை. அதே வகைக் கருவி, நிலவின் துருவத்தில் பனியைத் தேடவிருக்கும் நாசாவின் வைப்பர் ஊர்தியிலும் இருக்கிறது. அது கிளம்பும்போது இன்னொரு வீடியோ போடுகிறேன்.