பழைய ஜீப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸை இறுக்கலாமா?

வணக்கம். போடியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்குகிறார். "ஸ்டியரிங்கில் நான்கு விரல் ஆட்டம். வேகம் நாற்பதைத் தாண்டினால் முன்சக்கரங்கள் உதறுகின்றன. பாக்ஸை இறுக்கினால் போதும் என்கிறார் மெக்கானிக். இறுக்கலாமா?" என்று கேட்கிறார். அடிப்பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். முன் அச்சின் நடுவில் பெல் கிராங்க் (தள்ளும் திசையை மாற்றிக் கொடுக்கும் நெம்பு) உள்ள பழைய அமைப்புதான் அது.

ஐயா, இறுக்காதீர்கள். பாக்ஸ் என்பது ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள கியர் பெட்டி; இப்போதைக்கு அதை இறுக்கும் ஸ்குரூவைத் தொடவே வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன் நான் அதைச் செய்தேன். கையில் ஆட்டம் குறைந்தது, மகிழ்ச்சியாக இருந்தது. மலை இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்து நேராக்கினேன். எதிரே வண்டி வரவில்லை, பிழைத்தேன். ஆட்டம் இருந்தது கீழே உள்ள இணைப்புகளில். நான் இறுக்கியதோ மேலே இருந்த பாக்ஸை.

உங்கள் வண்டியில் பாக்ஸிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி, அதிலிருந்து பெல் கிராங்க், அங்கிருந்து பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரங்களைத் திருப்பும் இரண்டு டை ராடு கம்பிகள், பிறகுதான் சக்கரம். வழியில் எத்தனை மூட்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை தேய்ந்தாலே எல்லாம் சேர்ந்து உங்கள் கையில் நான்கு விரலாகத் தெரியும்.

எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஓர் ஆள் போதும். சக்கரம் நான்கும் தரையில் இருக்கட்டும், ஜாக்கி போடாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மீதும் உள்ளங்கையை வையுங்கள். நல்ல மூட்டில் இரு பக்கமும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒரு பக்கம் நகர்ந்து, ஒரு கணம் கழித்து மறுபக்கம் 'டக்' என்று தொடரும். கண்ணுக்குத் தெரியாததும் கைக்குத் தெரிந்துவிடும்.

இந்த வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது பெல் கிராங்கில். அதன் உள்ளே ஊசி பேரிங்குகள் இருக்கின்றன. கிரீஸ் காணாமல் ஓடிய வண்டியில் அந்தத் தண்டைக் கழற்றித் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். ஊசிகள் பதிந்த இடத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அப்படி இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டு, பேரிங், சீல் எல்லாமே புதிதாக வேண்டும். தண்டு உட்காரும் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டை ராடு முனைகள் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இரண்டுக்கு வலமரை, இரண்டுக்கு இடமரை. கடையில் நான்கும் ஒரே மரையாகத் தந்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். மூட்டு பிடித்துக்கொண்டால் மரையின் தலையில் அடிக்காதீர்கள். நட்டைச் சில சுற்று தளர்த்தி விட்டு, டை ராடு முனை உட்காரும் ஆர்மின் கண் பகுதிக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். சரிவான பிடி விட்டுவிடும். புதியதைப் பூட்டும்போது ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் இறுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பின் புதிதாக இருக்கட்டும். மூட்டுக்குள் இருக்கும் தேய்ந்த குண்டின் மீது வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வண்டியில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிராக் லிங்க்கில் ஸ்பிரிங்கும் குண்டுக் கிண்ணங்களும் இருந்த வரிசையிலேயே திரும்பப் போகவேண்டும். கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் சற்றே உள்நோக்கி இருக்கும் அளவு. பெல் கிராங்கை அச்சுக்குச் செங்குத்தாக நிறுத்தி, முதலில் ஒரு சக்கரத்தை நேராக்குங்கள். மற்ற சக்கரத்தின் டை ராடைத் திருகி அளவு வையுங்கள். டயர்களில் சாக்பீஸ் பூசி ஆணியால் கோடு கீறி, அச்சு உயரத்தில் முன்னால் அளந்து, சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி அதே கோட்டைப் பின்னால் அளக்க வேண்டும். முன்பக்கம் 3/64 முதல் 3/32 அங்குலம் வரை குறைவாக இருக்க வேண்டும், அதாவது 1.2 முதல் 2.4 மி.மீ.

இத்தனையும் செய்த பிறகும் கையில் ஆட்டம் மிச்சமிருந்தால் அப்போது பாக்ஸுக்கு வரலாம். அதையும் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் நடுநிலையில் இருக்கும்போதுதான் சரிசெய்ய வேண்டும். உதறல் மட்டும் நிற்காவிட்டால், முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் பேரிங்கைப் பாருங்கள்: சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

வேலை முடியும்வரை அந்த ஜீப்பில் ஆள் ஏற்றாதீர்கள், ஐயா. கூலி ஆட்களுக்கு இரண்டு நாள் வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.