பணம் தருகிறவர் கல்லூரி நடத்தலாமா? கிறிஸ்தவ உயர்கல்விச் சங்கங்களின் தலைமை

[காட்சி: சுங்கை சிப்புட் கடைவீதி, காலை நேரம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று கடந்து போகிறது.]

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறோம். இந்த வட்டாரத்துத் திருச்சபைகளில் கல்வி நிதி என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். எஸ்.பி.எம். என்கிற ஐந்தாம் படிவத் தேர்வு முடித்த பிள்ளைக்கு ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்), பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு ஆயிரம் வெள்ளி, கூடவே ஒரு பொன்னாடை, ஒரு படம். இதற்கு ஒரு தலைவர் இருப்பார். மனுக்களைப் படிப்பது அவர், நன்கொடை கேட்டு அலைவது அவர், காசோலையில் கையெழுத்து அவர், கூட்டம் முடிந்தால் நாற்காலி அடுக்குவதும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் நிதியும் சேர்ந்து படுத்துவிடும்.

இதே வேலையை ஆசியா முழுவதற்கும் செய்கிற ஒரு சங்கத்தில் தலைமை எப்படி இருக்கும்? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: பழைய சீன வரைபடம். பெய்ஜிங், நான்ஜிங், ஷாங்காய் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.]

நாம் எடுத்துக்கொள்ளும் சங்கத்தின் பெயர் ஆசியக் கிறிஸ்தவ உயர்கல்விக்கான ஐக்கிய வாரியம். யுனைடெட் போர்டு என்றால் பலருக்குத் தெரியும். நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் அலுவலகம். 1922இல் வேர்விட்ட இந்த அமைப்பு முதலில் சீனாவுக்காக மட்டுமே இருந்தது. அங்கே புராட்டஸ்டன்ட் மிஷன்கள் நடத்திய கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 13. ஒவ்வொன்றும் தனித்தனியாக அமெரிக்காவில் போய்க் கையேந்தினால் கொடுக்கிறவருக்கே அலுத்துவிடும் இல்லையா? அதனால் 1932இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். 1945இல் அது ஒரே வாரியமானது.

சரி, பணம் நியூயார்க்கில், கல்லூரி சீனாவில். இதில் யார் தலைவர்?

1920களின் பிற்பகுதியில் சீன அரசே இதற்கு ஒரு பதில் சொன்னது. கல்லூரி பதிவு செய்யப்பட வேண்டுமானால் அதன் தலைமையில் சீனர் இருக்க வேண்டும் என்றது. நான்ஜிங்கிலிருந்த ஜின்லிங் மகளிர் கல்லூரிக்கு 1928இல் வூ யிஃபாங் தலைவரானார். அதே கல்லூரியில் படித்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கு பெண்களில் ஒருவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவருக்கு நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு 'இந்தப் பாடத்தை இப்படி நடத்துங்கள்' என்று கடிதம் எழுத முடியுமா? அன்றிலிருந்தே சங்கத்துத் தலைவரின் வேலை மாறத் தொடங்கியது. கட்டளை போடும் இடம் போய், கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்கும் இடமாக ஆனது. என்னைக் கேட்டால் இது இறக்கம் இல்லை. முன்னதைவிடக் கடினமான வேலை.

[காட்சி: 1950, 1951, 1952 என்று ஆண்டுகள் திரையில் வந்து போகின்றன.]

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி. கொரியப் போர் நடக்கும்போது சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பணப் போக்குவரத்து நின்றுபோனது. கல்லூரிகள் அரசின் கைக்குப் போயின. 1952இல் அவை கலைக்கப்பட்டு மற்ற பல்கலைக்கழகங்களோடு சேர்க்கப்பட்டன. யோசித்துப் பாருங்கள். சங்கத்திடம் நிதி இருக்கிறது, அறங்காவலர்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்தக் கல்லூரிக்காகச் சங்கம் பிறந்ததோ அது இல்லை.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஹாங்காங்கில் 1951இல் பிறந்த சுங் சி கல்லூரிக்குக் கைகொடுத்தார்கள். தைவானில் 1955இல் துங்ஹாய் பல்கலைக்கழகம் எழும்ப வழி செய்தார்கள். 1950களின் நடுவில் சங்கத்தின் பெயரிலிருந்த 'சீனா' போய் 'ஆசியா' வந்தது. 'இந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது' என்ற கேள்வியை அறங்காவலர்கள் மேசையில் வைத்துப் பேசாமல் இப்படித் திரும்பியிருக்க முடியாது.

இந்தியாவிலும் கதை இதே திசையில்தான் போனது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1837இல் தொடங்கியது. அதற்கு முதல் இந்திய முதல்வராகச் சந்திரன் தேவநேசன் வந்தது 1962இல். நூற்று இருபத்தைந்து வருடம்! ஐந்து வருடம் கழித்து, 1967இல், அகில இந்தியக் கிறிஸ்தவ உயர்கல்விச் சங்கம் உருவானது. கல்லூரிகளே சேர்ந்து தங்களுக்காக வைத்துக்கொண்ட சங்கம் அது.

[காட்சி: இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு மேசை.]

இனி உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இந்த மாதிரிச் சங்கத்தில் தலைமை என்பது ஒரு நாற்காலி இல்லை, இரண்டு. ஒன்று அறங்காவலர் குழுத் தலைவர். சம்பளம் இல்லாத பொறுப்பு, குறிப்பிட்ட தவணை. இன்னொன்று நிர்வாகத் தலைவர். முழுநேர வேலை, சம்பளம் உண்டு. ஊர் ஊராகப் போய்க் கல்லூரிகளைப் பார்ப்பது, நன்கொடையாளரைச் சந்திப்பது, ஊழியர்களை நடத்துவது எல்லாம் இவர். இவரை வேலைக்கு எடுப்பதும், ஆண்டுதோறும் மதிப்பிடுவதும், தேவைப்பட்டால் அனுப்பிவைப்பதும் அறங்காவலர் குழு.

நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது. அதனால்தான் பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து, "அண்ணே, போன வருசக் கணக்கை ஒரு தடவை காட்டுங்களேன்" என்று கேட்டால், "ஏன் தம்பி, என்மேல் சந்தேகமா?" என்று முகம் சுருங்குகிறது. கேள்வி கேட்பதற்கென்றே தனியாக ஒரு குழு இருந்தால் அது சந்தேகமாகத் தோன்றாது, வேலையாகத் தோன்றும்.

அடுத்து, மூலநிதி. பெரிய சங்கங்கள் வந்த பணத்தையெல்லாம் கொடுத்துத் தீர்ப்பதில்லை. முதலீடு செய்து, ஆண்டுக்கு நான்கோ ஐந்தோ விழுக்காடு மட்டும் எடுப்பது அமெரிக்க அறநிதிகளில் பரவலான வழக்கம். ரப்பர் சீவினவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பட்டையை ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் வரும், மரம் போய்விடும். நம் சபையிடம் ஒரு லட்சம் ரிங்கிட் இருக்கிறது, நான்கு விழுக்காடு என்று வைத்தால், ஆண்டுக்கு நாலாயிரம்தான் கொடுக்க முடியும். 'இவ்வளவுதானா' என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த வசவைத் தாங்கிக்கொள்வதும் தலைவர் வேலைதான்.

யுனைடெட் போர்டு அந்த வருமானத்தில் கணிசமான பங்கை ஆட்களைத் தயாரிக்கச் செலவிடுகிறது. நடுவயதில் இருக்கிற விரிவுரையாளர்களை, நாளைக்கு முதல்வராகவோ துறைத்தலைவராகவோ வரக்கூடியவர்களை, வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி நிர்வாகம் கற்க வைக்கிறது. கட்டடத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம், ஆள்மேல் மாட்ட முடியாது. அதனாலோ என்னவோ, நம் நன்கொடையாளர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

[காட்சி: பிரிக்பீல்ட்ஸ் தெருப் பலகை.]

மலேசியாவில் எங்கே பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். செரம்பானில் மலேசிய இறையியல் கல்லூரி. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் திருச்சபைகள் சேர்ந்து 1979இல் தொடங்கியது. ஒரு சபையின் சொத்தாக இல்லாததால் அதன் குழுவில் பேசித்தான் எதையும் முடிக்க வேண்டும். இன்னொன்று கோலாலம்பூர் மெதடிஸ்ட் கல்லூரி, 1983. அது இருப்பது பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டி. நம் சுங்கை சிப்புட்காரர் பெயர் என்பதால் சும்மா சொல்லிவைத்தேன்.

[காட்சி: ஆலய மண்டபம். மின்விசிறிக்குக் கீழே கோப்பிக் கோப்பைகள், ஓரம் கிழிந்த நிகழ்ச்சிக் குறிப்பேடு.]

உங்கள் கல்வி நிதி தனிச் சங்கமாகப் பதிவாகியிருந்தால் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டம் பொருந்தும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். குறிப்பேட்டில் 'கணக்கு வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு அறிக்கையை மறந்துவிடாதீர்கள்.

சங்க விதிகளில் தலைவருக்கு எத்தனை தவணை என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவரலாம். மனுக்களைத் தேர்வு செய்யும் குழுவும் காசோலையில் கையெழுத்திடும் ஆட்களும் வேறு வேறாக இருக்கட்டும். தலைவர் மாறும் அன்றே கோப்பும் வங்கிக் கையெழுத்தும் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் கைமாறட்டும்.

நன்கொடையாளருக்கு வரிவிலக்கு கிடைக்க வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்க வேண்டும். அது கொஞ்சம் நீளமான விஷயம், அடுத்த வீடியோவில் பார்ப்போம்.