பீரங்கியைக் கழற்றிய சண்டை விமானங்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். தோட்டப்புறத்துக் கம்பத்தில் வேவு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது நினைத்திருப்பீர்கள். இதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு 12 ஆண்டுகள், 1960 வரை, நம் லயத்துக்குப் பின்னால் இருந்த காடே போர்க்களம்.

மேலே இருந்து பார்த்தால் காடு முழுக்க ஒரே பச்சை. அதற்குள் ஒளிந்திருப்பவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அவனுக்கும் பசிக்குமே! சோற்றுக்கு வழி அடைபட்டதும் காட்டுக்குள்ளேயே மரங்களைச் சாய்த்து மரவள்ளியும் காய்கறியும் போட்டார்கள். அந்தத் துண்டு நிலங்களைத் தேடித்தான் விமானங்கள் படம் எடுத்தன.

படம் எடுத்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரே இடம் அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் விழுகிற மாதிரி, பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடிக் கருவி வழியாகக் குனிந்து பார்த்தால், தட்டையான படம் எழும்பிவிடும். மரங்கள் உயர்ந்து நிற்கும், வெட்டிய இடம் பள்ளமாக இறங்கும். வெறும் கண்ணுக்குக் கறையாகத் தெரிந்தது காய்கறித் தோட்டம் என்று அப்போது புரியும். அது வெள்ளாமை செய்து வாழும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களுடையதா, ஒளிந்திருப்பவர்களுடையதா என்று படம் சொல்லாது. அந்தச் சங்கடம் கடைசிவரை இருந்தது.

இந்த வேலையைச் செய்தது சிங்கப்பூர் சிலேத்தார் தளத்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 81-ஆவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவு. இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய சண்டை விமானம் ஸ்பிட்ஃபயர், அந்தப் படைக்காகப் போர்ப் பணியில் கடைசியாகப் பறந்தது 1954 ஏப்ரல் 1 அன்று, ஜொகூர் காட்டைப் படம் பிடிக்க. அந்த விமானத்தில் பீரங்கி கிடையாது. அந்த இடத்தையும் கனத்தையும் கேமராவும் கூடுதல் பெட்ரோலும் எடுத்துக்கொண்டன. அதன் வேலையை மீட்டியோர் ஜெட் ஏற்றுக்கொண்டது. அதிலும் பீரங்கி இல்லை.

சரி, குண்டுவீச்சு விமானத்தில் கேமராவை மாட்டினால் என்ன? மாட்டினார்கள். ஆனால் தாழ்வாகப் புகுந்து, ஒருவன் குறிபார்த்து முடிப்பதற்குள் வெளியே வர சண்டை விமானத்தின் வேகம் வேண்டும். 1962 அக்டோபர் 23-ஆம் தேதி அமெரிக்கக் கடற்படையின் குருசேடர் ஜெட்டுகள் கியூபாவில் ஏவுகணைத் தளங்களுக்கு மேலே அப்படித்தான் தாழப் பறந்தன. சண்டை வகையில் நான்கு பீரங்கிகள். வேவு வகையில் ஒன்றுகூட இல்லை, கேமரா மட்டும்தான். அமெரிக்க வேவு விமானிகள் தங்களைத் ‘தனியாக, ஆயுதமின்றி, அச்சமின்றி’ என்று சொல்லிக்கொள்வார்கள். முதல் இரண்டையும் நம்புகிறேன்.

வேகம் காப்பாற்றும், ஆனால் படத்தைக் கெடுக்கும். மணிக்கு 1,000 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 278 மீட்டர். கேமராவின் கதவு (ஷட்டர்) 500-இல் ஒரு வினாடி திறந்தால்கூட அதற்குள் விமானம் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். தாழப் பறக்கும்போது இது படத்தை மங்கலாக்கிவிடும். அதனால் கதவு திறந்திருக்கும் அந்த நொடித்துளியில், தரை ஓடும் வேகத்துக்கு ஏற்ப ஃபிலிமையும் உள்ளே நகர்த்தினார்கள். எனக்கு இந்த விமானங்களிலேயே ரொம்பப் பிடித்த வேலைப்பாடு இதுதான்.

நம் நாட்டிலும் இருந்தன. பட்டர்வொர்த் தளத்தில் நம் விமானப்படையின் எஃப்-5 சண்டை ஜெட்டுகளோடு அவற்றின் வேவு வகையான ஆர்எஃப்-5இ டைகர்ஐ இரண்டு நின்றன. மூக்கைக் கொஞ்சம் நீட்டி, இரண்டு பீரங்கிகளில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் கேமராக்களை வைத்தார்கள். வேலைக்குத் தக்கபடி கேமராத் தட்டையே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் சிங்கப்பூரும் தன் எஃப்-5 ஜெட்டுகள் சிலவற்றை இப்படி மாற்றியது.

அப்புறம் ஏன் காணாமல் போயின? ஃபிலிம் என்றால் விமானம் இறங்க வேண்டும், கழுவ வேண்டும், அச்சிட வேண்டும். படத்தில் இருந்த லாரி அதற்குள் ஊர் மாறியிருக்கும். டிஜிட்டல் கேமரா பறக்கும்போதே படத்தை அனுப்பியது. வயிற்றுக்கடியில் மாட்டும் கேமராக் கூடு வந்ததும் எந்தச் சண்டை விமானமும் வேவு விமானமாகலாம், மறுநாள் கழற்றிவிடலாம். ஆளில்லா விமானத்தில் பிடிபட விமானியே இல்லை. ஜப்பான் தன் ஆர்எஃப்-4 வேவு ஜெட்டுகளை 2020-இல்தான் ஓய்வுக்கு அனுப்பியது. இனி இதற்கென்றே யாரும் மூக்கை நீட்டிச் செய்யப்போவதில்லை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், அவசரகாலத்தைப் பார்த்த பெரியவர்கள் முதலில்.