ராபன்ஸல் கேட்ட கேள்வி

[திரையில்: உயரமான கோபுரம். ஜன்னலிலிருந்து தொங்கும் நீண்ட பின்னல்.]

கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் ராபன்ஸல் ஒருநாள் சூனியக்காரியிடம் கேட்கிறாள்: "என் உடைகள் ஏன் இப்படி இறுகிவிட்டன? எதுவுமே எனக்குப் பொருந்தவில்லையே?" ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் இந்தக் கேள்வி இருக்கிறது. சூனியக்காரியைப் போலவே அவள் பின்னலைப் பிடித்து ஏறி, இளவரசன் ரகசியமாக வந்துபோகிறான். அவள் கர்ப்பமாகிவிட்டாள், அது அவளுக்கே தெரியாது. கேட்ட மாத்திரத்தில் சூனியக்காரிக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

[திரையில்: பழைய அச்சுப் பக்கம். ஒரு வரி மெல்ல மங்குகிறது.]

பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை. "இளவரசனைவிட உங்களைத் தூக்குவது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று சூனியக்காரியிடம் உளறி அவளே மாட்டிக்கொள்கிறாள். விவரம் அறியாத பெண்ணை அசட்டுப் பெண்ணாக்கிவிட்டார்கள். இது எனக்கு இன்றும் ஆறவில்லை. கதை முடிவில் வரும் இரட்டைக் குழந்தைகளை மட்டும் அவர்களால் மறைக்க முடியவில்லை!

ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவளும் முதல் பதிப்பில் பெற்ற தாய்தான். 1819-இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள்.

ஆகவே, இன்றைய மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத்தாளர்கள் மூலக்கதையைச் சிதைக்கிறார்கள் என்று யாராவது வருந்தினால், எந்த மூலம் என்று கேட்கத் தோன்றுகிறது. நல்ல மறுகூறல், அழிக்கப்பட்ட வரியின் தடத்தைத் தேடிப் போகிறது. வெறுமனே கோபுரத்தை விண்கலமாக மாற்றினால் அது வேடமாற்றம், அவ்வளவுதான்.

[திரையில்: தராசு. ஒரு தட்டில் வெள்ளி, மறு தட்டில் பொன்.]

வைக்கோலைப் பொன்னாக நூற்கும் ரம்பில்ஸ்டில்ட்ஸ்கின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக் கொடுத்ததற்குக் கூலியாகக் குழந்தையைக் கேட்கும் குள்ளனிடமிருந்து தப்ப, அவன் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் கதையே. ஆனால் உயிருக்குப் பயந்து ராட்டையின் முன் அமர்ந்திருக்கும் அந்த ஆலைக்காரன் மகளுக்கு கிரிம் கதையில் பெயரே கிடையாது.

இந்தக் கதையை மறுகூறும் விதமாக அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக் 2018-இல் வெளியிட்ட 'ஸ்பின்னிங் சில்வர்' நாவலில் மிர்யெம் என்ற யூதப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். அவளுடைய அப்பா வட்டிக்குக் கடன் கொடுப்பவர். கறாராகக் கேட்டு வசூலிக்கத் தெரியாதவர். வீட்டில் வறுமை. கடைசியில் இவளே கடன் வாங்கியவர்களின் வாசற்படி ஏறுகிறாள். பனிநாட்டு அரசன் தரும் வெள்ளியை இவள் நகையாக்கி விற்றுப் பொன்னாக்குகிறாள். அங்கே மந்திரம் வியாபாரமாகிவிடுகிறது.

ஆலைக்காரன் மகளின் கதையைப் பற்றி மிர்யெம் நாவலின் தொடக்கத்திலேயே ஒன்று சொல்கிறாள்: பட்ட கடனைக் கொடுக்காமல் தப்பிப்பதைப் பற்றிய கதையாம் அது. பின்னே, கடன் கொடுத்தவரின் மகளுக்கு அது வேறு எப்படித் தெரியும்?